ஐந்து அறைகளில் லிபோரியோ

மாநில எலும்புக் காய ஆய்வு நிறுவனத்தில் லிபோரியோ பன்யுவேலோஸ் ஐந்து அறைகளில் இருந்தான். மண்டையோடு முதல் அறையில், துளைகள் பிரிவில். இடது முன்கை எலும்புகள் இரண்டாம் அறையில், ஆறிய முறிவுகள் பிரிவில். விலா எலும்புகள் மூன்றாம் அறையில், ஆறாத முறிவுகளோடு. வலது கை விரலெலும்புகள் நான்காம் அறையில், வெட்டுகளோடு. காயமே படாத மீதி எலும்புகள் நிலவறையில், ஐந்தாம் அறையில், ஒரு கோணிப்பைக்குள் கிடந்தன. காயம் படாத எலும்பில் நிறுவனத்துக்கு அக்கறை இல்லை.

முன்பெல்லாம் அங்கே ஒரு மனிதனுக்கு ஒரு பெட்டி என்றுதான் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் இயக்குநர் டாக்டர் பெலிசாரியோ ஆல்கோர்த்தா கடற்கரை ஊர் ஒன்றில் நான்கு நாள் மாநாட்டுக்குப் போய் வெயிலில் தோல் உரிந்த மூக்கோடு திரும்பி வந்தார். வந்ததும் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார். ஒரு ஆளின் எலும்புகளை ஒரே பெட்டியில் வைப்பது வெறும் உணர்ச்சிவசப்பட்ட பழக்கம் என்றார். அறிவியல் காயத்தைப் படிக்கிறதே தவிர ஆளைப் படிப்பதில்லை என்றார். மூன்று வாரம் இரவு பகலாகப் பிரித்து அடுக்கினார்கள். முதல் அறைச் சுவரில் இருநூற்றுப் பன்னிரண்டு மண்டையோடுகள் ஒரே திசையைப் பார்த்து நின்றன. தலைநகரத்திலிருந்து வந்த விருந்தினர் ஒருவர், நாட்டிலேயே மிக ஒழுங்கான நிறுவனம் இதுதான் என்று வருகைப் பதிவேட்டில் எழுதினார். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார்கள்.

லிபோரியோவின் அக்கா ஒப்துலியாவுக்குச் செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. மரபணுச் சோதனை பொருந்திவிட்டதாகவும், அவளுடைய தம்பி தங்கள் சேகரிப்பில் இடம்பெற்றிருப்பதில் நிறுவனம் பெருமைப்படுவதாகவும் அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் காயங்களின் வகைப்பாட்டை ஏற்றுக் கையெழுத்திட்டு எலும்புகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தவறினால் அவை நகராட்சி இடுகாட்டின் பொதுக்குழியில் மற்றவற்றோடு சேர்க்கப்படும்.

ஒப்துலியாவுக்கு ஐம்பத்தொரு வயது. நெடுஞ்சாலையில் பதினான்காவது கிலோமீட்டரில் பஞ்சர் கடை வைத்திருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் தம்பி பழைய டயர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனான். வண்டி மட்டும் நான்காம் நாள் சாலையோரத்தில் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் ஏறாத அலுவலகம் இல்லை. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: உடல் இல்லையென்றால் மரணம் இல்லை, மரணம் இல்லையென்றால் காரணம் இல்லை, காரணம் இல்லையென்றால் எங்களுக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். அவனை எப்படிக் கொன்றார்கள் என்று அரசு முத்திரையோடு ஒரு தாள் சொல்ல வேண்டும். அப்போதுதான் யார் கொன்றது என்ற அடுத்த கேள்வியை எந்த அலுவலகமாவது கேட்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவள் நிறுவனத்தின் வாசலில் நின்றாள். ஒரு கையில் கடிதம், மறு கையில் துணியில் சுற்றிய, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய இரண்டு பர்ரிட்டோ ரொட்டிகள். முற்றத்தில் நகராட்சிச் சின்னம் போட்ட நீல லாரி ஒன்று ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

"இது எதுக்கு?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"மூணு மணி லாரி, தோன்யா," என்று மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லைப் போட்டுச் சொன்னான் அவன். "பொதுக்குழிக்கு."

"இப்ப எட்டு கூட ஆகலையே."

"அதுக்கு இப்ப அவசரம் இல்லை. ஆனா மூணுன்னா மூணுதான். இந்த ஊர்லயே நேரத்துக்குக் கிளம்புற ஒரே வண்டி அது."

அவளை உள்ளே அழைத்துப் போனது யாரெட்சி என்ற இளம் எலும்பு ஆய்வாளர். இருபத்தெட்டு வயது இருக்கும். வெள்ளைக் கோட்டின் பையில் மசி ஊறிய கறை. முதல் அறைக் கதவைத் திறந்ததும், இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல் ஒப்துலியாவுக்குத் தோன்றியது. யாரெட்சி எண்பத்தெட்டாம் எண்ணை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஒப்துலியா முதலில் பற்களைப் பார்த்தாள். முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக அவன் விசிலடிப்பான்.

"பின்பக்கம் பாக்கலாமா?"

யாரெட்சி திருப்பி வைத்தாள். சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை. அதிலிருந்து மூன்று விரிசல்கள் ஓடின.

"உள்பக்கம்?"

யாரெட்சி சிறிய விளக்கு ஒன்றைப் பிடித்துக் காட்டினாள். வெளியே பொட்டுப் போலிருந்த துளை உள்ளே புனல் போல அகன்றிருந்தது. ஒப்துலியா வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "டயர்ல ஆணி ஏறினா இப்படித்தான். வெளியில ஒரு பொட்டு, உள்ள பாத்தா கந்தல். பின்னாலேர்ந்து உள்ள போயிருக்கு."

யாரெட்சி கதவைப் பார்த்துக்கொண்டாள். "ஆமா."

"காத்து இருக்கும்போதே ஏறியிருக்கு. காத்துப் போன டயரைக் குத்தினா விரிசல் இப்படி ஓடாது. சும்மா ஒரு ஓட்டைதான் விழும்."

"பச்சை எலும்பு அப்படித்தான் பிளக்கும். காய்ஞ்சது பிஸ்கட் மாதிரி நொறுங்கும்," என்றாள் யாரெட்சி. "துளையோட விளிம்பைப் பாருங்க. மத்த இடத்துல இருக்கிற அதே மண் நிறம். தோண்டும்போது உடைஞ்சிருந்தா அங்க மட்டும் வெளுப்பா இருக்கும். நான் ஏழு வருஷம் படிச்சதை நீங்க ஏழு நிமிஷத்துல சொல்லிட்டீங்க, தோன்யா."

"அப்ப அதை எழுதிக் குடு மகளே. நான் கிளம்புறேன்."

யாரெட்சி ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். அதில் இரண்டு பத்திகள் இருந்தன. இறப்புக்கு முன். இறப்புக்குப் பின்.

"நடுவுல ஒண்ணு இருந்தது. 'இறக்கும்போது'. போன வருஷம் எடுத்துட்டாங்க."

நடுப் பத்தியில் குறியிட்டால் அதன் நகல் ஒன்றை அரசு வழக்குத்துறைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. வழக்குத்துறை எல்லா நகல்களையும் திருப்பி அனுப்பியது. தங்களிடம் இருந்த இரும்பு அலமாரி நிரம்பிவிட்டது என்று எழுதியது. இந்தச் சிக்கலை டாக்டர் ஆல்கோர்த்தா ஒரே நாளில் தீர்த்தார். அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் இறக்கும்போது எவருக்கும் காயம் படவில்லை. ஆளுநர் இந்தப் புள்ளிவிவரத்தை மூன்று கூட்டங்களில் வாசித்தார்.

"'பின்'னுன்னு போட்டா மண்வெட்டி பட்டது, எலி கடிச்சதுன்னு ஆயிடும். ஃபைலை மூடிடுவாங்க," என்றாள் யாரெட்சி. "'முன்'னுன்னு போட்டா, குண்டு பட்டு ஆறி, அப்புறமும் வாழ்ந்தார்னு அர்த்தம். நான் ரெண்டும் போட மாட்டேன்னுட்டேன். அதான் பத்தரைக்குக் குழு கூடுது."

"உனக்கு வேலை போயிடுமா?"

"போகலாம்."

ஒப்துலியா துணியைப் பிரித்து ஒரு பர்ரிட்டோவை அவளிடம் கொடுத்தாள்.

குழு பதினொன்றேகாலுக்குக் கூடியது. நீள மேசையின் தலைமாட்டில் இயக்குநர் ஆல்கோர்த்தா. பக்கவாட்டில் நிறுவனத்தின் மூன்று துறைத் தலைவர்கள்: வேர் நிபுணர், எலி நிபுணர், மண்வெட்டி நிபுணர். கடைசியில் தட்டச்சு இயந்திரத்தோடு செயலாளர். மேசை நடுவே காபிக் கூஜாவும் இனிப்பு ரொட்டித் தட்டும் லிபோரியோவின் மண்டையோடும் இருந்தன. ஒப்துலியாவும் யாரெட்சியும் சுவரோரத்தில் உட்கார்ந்தார்கள்.

"அம்மா, உங்கள் துயரத்தில் இந்த நிறுவனம் பங்குகொள்கிறது," என்றார் இயக்குநர். "இரண்டு நிமிடம்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் முடிந்ததும் உட்கார்ந்து ரொட்டி எடுத்தார்கள்.

"தெளிவான விஷயம் இது," என்று ஆரம்பித்தார் வேர் நிபுணர். "மெஸ்கிட் மரத்து வேர். தண்ணி தேடி எங்க வேணா நுழையும்."

"வேரா?" எலி நிபுணர் சிரித்தார். "இந்த வட்டத்தைப் பாருங்க. பல்லு வச்சு நிதானமா சுரண்டினது. பாலைவன எலி. நல்ல பழக்கம் உள்ள எலி."

"ரெண்டு பேரும் கண்ணாடியை மாத்துங்க," என்றார் மண்வெட்டி நிபுணர். "கண்டெடுத்தவன் அவசரத்துல போட்ட குத்து. மண்வெட்டி முனை. போன வருஷம் எனக்கு நாப்பது துளை வந்தது. இந்த வருஷம் பதினொண்ணுதான். எல்லாத்தையும் எலிக்குக் குடுத்துட்டீங்க."

"எலி உழைக்குது டாக்டர். உங்க மண்வெட்டி சும்மா சாத்தி வச்சிருக்கு."

"போன மாசம் நீங்க எலின்னு எழுதின துளைக்குள்ள ஈயக் குண்டு இருந்ததே!"

"எலி ஈயத்தைச் சேர்த்து வைக்கும். அதைப் பத்தி நான் கட்டுரையே எழுதியிருக்கேன்."

ஒப்துலியா கையை உயர்த்தினாள். யாரும் பார்க்காததால் எழுந்து நின்றாள்.

"நான் பஞ்சர் கடை வச்சிருக்கேன். முப்பது வருஷமா ஓட்டையைத்தான் பாக்குறேன். எலி கடிச்ச டயர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். விளிம்பு பூரா கோடு கோடா இருக்கும். இதுல ஒரு கோடு கிடையாது. இது வெளியேர்ந்து வேகமா உள்ள போனது. காத்து இருக்கும்போதே போனது."

இயக்குநர் பொறுமையோடு கேட்டுக்கொண்டார். "அம்மா, உங்க ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனா டயருக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் இருக்கு."

"இருக்கு டாக்டர். டயர்ல ஓட்டை இருந்தா யாரு போட்டதுன்னு வண்டிக்காரன் கேப்பான்."

வேர் நிபுணர் காபியைக் கலக்குவதை நிறுத்தினார்.

"இதைக் குறிப்புல ஏத்த வேண்டாம்," என்றார் இயக்குநர் செயலாளரிடம்.

வாக்கெடுப்பு நடந்தது. வேருக்கு ஒன்று, எலிக்கு ஒன்று, மண்வெட்டிக்கு ஒன்று. மறுபடி நடந்தது, மறுபடி அதேதான். இயக்குநர் வாக்களித்தால் முடிந்துவிடும். ஆனால் வேர் நிபுணர் அவருடைய மனைவியின் தம்பி. எலி நிபுணர் ஆளுநரின் செயலாளருக்கு மாப்பிள்ளை. மண்வெட்டி நிபுணரிடம் எல்லோரைப் பற்றியும் ஏதோ ஒரு ரகசியம் இருந்தது. ஆகவே இயக்குநர் ஆறு முறை வாக்கெடுப்பு நடத்தினார். சுவர்க்கடிகாரம் ஒரு மணி பத்து நிமிடத்தைக் காட்டியது. முற்றத்தில் யாரோ லாரியின் பின்கதவைத் திறக்கும் ஓசை கேட்டது. ஒப்துலியா முந்தானைத் துணியைப் போல மடிமேல் கிடந்த தன் கடை ஏப்ரனின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"விதி ஒன்பது இருக்கு," என்றார் செயலாளர். எழுந்து வாசித்தார்: "'இறப்புக்குப் பின்' என்பதன் காரணம் குறித்து ஒருமித்த முடிவு எட்டப்படாத காயங்கள் 'இறப்புக்கு முன்' ஏற்பட்டவையாகக் கொள்ளப்படும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் இயக்குநர், நிம்மதியோடு. "இவரோட எல்லாக் காயத்துக்கும் சேர்த்து."

யாரெட்சி எழுந்துவிட்டாள். "டாக்டர், முன்னாடி பட்டதுன்னா எலும்பு ஆறியிருக்கணும். இந்தத் துளையைச் சுத்தி மயிரிழை அளவு கூடப் புது எலும்பு வளரல."

"குழு முடிவெடுத்த பிறகு வளர்ந்ததாகவே கொள்ளப்படும்."

செயலாளர் தட்டச்சு செய்துகொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார். "டாக்டர், மரணத்துக்கான காரணம்?"

"காரணமா? எல்லாக் காயமும் ஆறிடுச்சே. ஒண்ணுமில்லைன்னு போடுங்க."

"காரணம் இல்லாம மரணத்தைப் பதிய முடியாது. விதி நாலு."

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"நண்பர்களே, இந்த மேசையில என்ன நடந்திருக்குன்னு புரியுதா? காணாம போனவங்களைத் தேடித் தேடி இந்த மாநிலம் ஓய்ஞ்சுபோச்சு. எல்லாரையும் செத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்னு பத்திரிகைக்காரன் எழுதறான். இன்னைக்கு, அறிவியல் முறைப்படி, ஆறு சுற்று வாக்கெடுப்புக்கு அப்புறம், ஒருத்தரை உயிரோட கண்டுபிடிச்சிருக்கோம். முதல் ஆள். மேலிடத்துக்கு இப்பவே சொல்லியாகணும்."

மூன்று நிபுணர்களும் கைதட்டினார்கள். எலி நிபுணர் கொஞ்சம் தாமதமாக.

ஒப்துலியா மேசையைக் காட்டினாள். "உயிரோடவா? இதோ, ரொட்டிக்குப் பக்கத்துல இருக்கானே."

"அவர் எங்க இருக்கார்ங்கிறது வேற, அம்மா. அவரோட நிலைமை என்னங்கிறதுதான் பேச்சு." இயக்குநரின் குரல் தழுதழுத்தது. "ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த நிறுவனம் தொடங்கி பதினோரு வருஷம் ஆச்சு. உயிரோட இருக்கிற ஒரு குடிமகனைக்கூட நாங்க அலமாரியில அடைச்சு வச்சதில்லை. இனியும் வைக்க மாட்டோம். மூணு மணிக்குள்ள அவர் இங்கேர்ந்து வெளியேறணும். முழுசா!"

அப்போது ஒன்று நாற்பது.

முதல் அறைக் காப்பாளருக்குச் சுவரில் விழப்போகும் இடைவெளிதான் கவலை. திங்கட்கிழமை ஒரு குழு பார்வையிட வருகிறதாம். "எண்பத்தேழுக்கும் எண்பத்தொன்பதுக்கும் நடுவுல காலியா இருந்தா அசிங்கமா இருக்காதா?" என்றார். "திங்கக்கிழமைக்குள்ள புதுசா ஒண்ணு வந்துடும், கவலைப்படாதே," என்று அவருடைய சக ஊழியர் ஆறுதல் சொன்னார். அப்புறம்தான் மண்டையோட்டை வெளியே விடக் காப்பாளர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் அறையில் இழுப்பறையை யாரெட்சி திறந்ததுமே ஒப்துலியா கையை நீட்டி ஒரு எலும்பை எடுத்தாள். சீட்டைப் பார்க்கவில்லை. தம்பிக்குப் பத்தொன்பது வயதானபோது ஜாக்கி நழுவி லாரி அவன் கைமேல் இறங்கியது. கட்டுப் போட்டவர் கோணலாகக் கட்டிவிட்டார். ஒன்று சேர்ந்த இடத்தில் எலும்பு சின்னக் கணுவைப் போல உருண்டு நின்றது. அந்தக் கணு தோலுக்கு வெளியே தெரியும். மழைநாளில் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருப்பான். ஒப்துலியா அதைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இங்க உட்காரக் கூடாது," என்றார் காப்பாளர்.

மூன்றாம், நான்காம் அறைகளின் காப்பாளர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சாவி இடுப்பில். இரண்டு இருபத்தைந்துக்குப் பல் குத்திக்கொண்டு வந்தார்கள். விலாக்கள் வந்தன, விரல்கள் வந்தன. யாரெட்சி ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் வைத்தாள். நிலவறைக்கு இறங்கும்போது இரண்டு நாற்பது. ஐந்தாம் அறை காலியாக இருந்தது. துடைப்பம்கூட இல்லை.

"காயமில்லாததை முதல்லயே ஏத்திடுவோம்," என்றார் காப்பாளர். "அது லேசு. எண்பத்தெட்டா? லாரியில இருக்கும்."

"அவர் உயிரோட இருக்கார்!" என்று கத்தினாள் யாரெட்சி. அன்று முழுவதும் அவள் கத்தியது அப்போதுதான்.

"இருக்கட்டும் டாக்டர். ஏத்தினதை இறக்கணும்னா இயக்குநர் கையெழுத்து வேணும்."

முற்றத்தில் லாரியின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அறுபது, எழுபது கோணிப்பைகள். பின்கதவு பூட்டியாகிவிட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் முகம் பார்த்து மீசையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றாள் ஒப்துலியா. "என் தம்பி உள்ள இருக்கான்."

"எல்லாருமே யாராவது ஒருத்தரோட தம்பிதான் அக்கா. எனக்கு மூணு மணி."

யாரெட்சி மாடிப்படியில் பாய்ந்து ஓடினாள். ஒப்துலியா லாரியைச் சுற்றி நடந்தாள். பின்சக்கரத்தருகே செருப்பு வாரைச் சரிசெய்பவளைப் போல உட்கார்ந்தாள். ஏப்ரன் பையில் வால்வு கழற்றும் சாவி எப்போதும் இருக்கும். ஒரு திருப்பு, இரண்டு திருப்பு. காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. இயந்திரச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தாள். அவள் முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. காவலாளி தன்னையே பார்ப்பதைக் கண்டாள். அவன் தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பினான்.

மூன்று மணிக்குச் சரியாக லாரி நகர்ந்தது. இரண்டு அடி போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

ஓட்டுநர் குதித்து இறங்கினார். "அடக் கடவுளே! ரெண்டும் ஒரே நேரத்துலயா?"

"வெயில்," என்றாள் ஒப்துலியா. "நான் பாக்குறேன். எனக்கு இதுதான் தொழில். ஆனா பாரத்தைக் கொஞ்சம் இறக்கினாத்தான் ஜாக்கி போட முடியும்."

இயக்குநரின் கையெழுத்தோடு யாரெட்சி மூச்சிரைக்க வந்தபோது, எண்பத்தெட்டாம் எண் கோணிப்பை ஏற்கெனவே தரையில் இருந்தது. ஒப்துலியா வால்வுகளைப் பொருத்தி, லாரியிலிருந்த பம்பால் காற்றும் அடித்துக் கொடுத்தாள். லாரி மற்றவர்களோடு கிளம்பிப் போனது. அது போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முன்கூடத்தில் இயக்குநர் புகைப்படக்காரரோடு காத்திருந்தார். மேசைமேல் ஏழு முத்திரைகள் குத்திய தாள் இருந்தது. லிபோரியோ பன்யுவேலோஸ், உயிருடன் கண்டறியப்பட்டார். பின்மண்டையில் துளை ஒன்று, விலாவில் முறிவுகள் நான்கு, விரல்களில் வெட்டுகள் மூன்று. அனைத்தும் இறப்புக்கு முந்தையவை.

ஒப்துலியா இரண்டு முறை படித்தாள். "நான் கேட்டது இது இல்ல டாக்டர். இவனைச் சுட்டாங்கன்னு எழுதுங்க. அந்த ஒரு வரி போதும்."

"அம்மா, சிரிங்க, படம் எடுக்கிறார்," என்றார் இயக்குநர். பிறகு உதடு அசையாமல் சொன்னார்: "செத்தவங்களோட காயம்தான் எங்க துறை. உயிரோட இருக்கிறவருக்கு ஏதாவது குறைன்னா, சதுக்கத்துக்கு அந்தப் பக்கம் வழக்குத்துறை இருக்கு. அவரே போய்ச் சொல்லிக்கட்டும்."

ஒப்துலியா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அவனேவா?"

"அவரேதான். அது அவரோட உரிமை."

"அதை இதுல எழுதித் தருவீங்களா?"

அன்று இயக்குநருக்குக் கை தாராளமாக இருந்தது. தாளின் அடியில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'காயம்பட்டவர் நேரில் வந்து புகார் அளிப்பார். ஆவன செய்க.' கையெழுத்துப் போட்டார். எட்டாவது முத்திரையையும் குத்தினார்.

பெட்டியை ஒப்துலியாவும் கோணிப்பையை யாரெட்சியும் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைக் கடந்தார்கள். யாரெட்சி வெள்ளைக் கோட்டைக் கழற்றியிருந்தாள். வழக்குத்துறையின் வராந்தாவில் துப்பாக்கியோடு நான்கு போலீஸ்காரர்கள் நிழலில் சாய்ந்திருந்தார்கள். அவர்களுடைய ரோந்து வண்டிகள் ஜன்னலை ஒட்டி வரிசையாக நின்றன. ஒருவன் பெட்டியைப் பார்த்தான். "என்ன பாட்டி, கல்யாணச் சீரா?" என்றான். ஒப்துலியா கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். மேலதிகாரிகள் போய்விட்டிருந்தார்கள். ஃபிதென்சியோ என்ற நடுவயது எழுத்தர் மட்டும் கணினிக்குப் பின்னால் இருந்தார். ஒப்துலியாவை ஒன்பது வருடமாக அவருக்குத் தெரியும்.

"செத்தவங்க விஷயம்னா ரெண்டாவது மாடி, தோன்யா. திங்கக்கிழமை வாங்க."

"உயிரோட இருக்கிறவன் விஷயம். கொலை முயற்சி."

"அப்படின்னா காயம்பட்டவர் நேர்ல வரணும்."

ஒப்துலியா பெட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். பக்கத்தில் தாளை வைத்தாள்.

ஃபிதென்சியோ பெட்டிக்குள் பார்த்தார். தாளைப் படித்தார். முத்திரைகளை எண்ணினார். தொலைபேசியை எடுத்துச் சற்று நேரம் காதில் வைத்திருந்துவிட்டு, யாரையும் அழைக்காமல் கீழே வைத்தார். எட்டு முத்திரை உள்ள தாளைச் சந்தேகிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பேரு?"

"லிபோரியோ பன்யுவேலோஸ்."

"அவரால பேச முடியுமா?"

"முடியாது."

"'பேச இயலாத நிலை.' அவர் சார்பா?"

"அக்கா."

"காயம் எங்க?"

ஒப்துலியா மண்டையோட்டை இரு கையாலும் எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

"எதனால?"

யாரெட்சி முன்னால் வந்தாள். "துப்பாக்கிக் குண்டு. பின்னாலேர்ந்து, கொஞ்சம் மேலேர்ந்து. அவர் முழந்தாள் போட்டு இருந்திருக்கலாம். விரல்ல இருக்கிற வெட்டெல்லாம் கையை உயர்த்தித் தடுத்ததால வந்தது. விலா அதுக்கு முன்னாடி உதைச்சது. எதுவும் ஆறல. ஒரே நாள்ல நடந்தது."

தட்டச்சுச் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு பழைய வேகத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் அவர் எழுதினார். அவருடைய படிவத்தில் பத்திகள் இல்லை. வெறும் இடம்தான் இருந்தது. எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தாமலே அடுத்த வரியை வாசித்தார்.

"யார் மேல சந்தேகம்?"

ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டோம் என்பது ஃபிதென்சியோவுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது போலிருந்தது. ஒப்துலியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்து மகளே," என்றாள் யாரெட்சியிடம்.

யாரெட்சி கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அன்னைக்கு அவன் வண்டியை மறிச்ச வண்டியோட நம்பர் எனக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் பழம் வித்துட்டிருந்தவர் பாத்துச் சொன்னார். எழுதிக்கோங்க."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். மூன்றாவது எழுத்தில் அவர் விரல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக நின்ற ரோந்து வண்டிகளைப் பார்த்தார். அவற்றின் எண்கள் எல்லாமே அந்த மூன்று எழுத்தில்தான் தொடங்கின. வராந்தாவில் யாரோ உரக்கச் சிரித்தார்கள்.

ஃபிதென்சியோ எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, விரல்களை மறுபடி விசைகள்மேல் வைத்தார்.

"ம். அடுத்தது சொல்லுங்க," என்றார்.